கம்பியை அழித்ததும் பிழை, முகத்தை வெளுக்காததும் பிழையா?

வெள்ளவத்தையிலிருந்து 26 வயது இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, அடையாளம் தெரியாதபடி சாரத்தை மட்டும் தருகிறேன்.

கோட்டையில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. சனி, ஞாயிறு வந்தால் கமராவோடு செட்டியார் தெரு, புறக்கோட்டை, காலிமுகத்திடல் என்று சுற்றுவது அவருடைய சந்தோஷம். ஆடிவேல் தேர் காலி வீதியால் வந்தபோது எடுத்த ஒரு படத்தை, நகரத் திருவிழாக்கள் பற்றிய ஒரு போட்டிக்கு அனுப்பினார். இரண்டாம் பரிசு என்று அறிவித்த பிறகு மூலக் கோப்பைக் கேட்டார்கள். தேரின் உச்சியைக் குறுக்கே மறைத்த மின்கம்பிகளையும், ஓரத்தில் பாதி தெரிந்த ஓட்டோவையும் அவர் கணினியில் அழித்திருந்தது அப்போது தெரியவந்தது. பரிசைத் திருப்பி எடுத்து, அதைப் பகிரங்கமாகவும் அறிவித்துவிட்டார்கள். "ஆக்களுக்கு முன்னால் கள்ளன் மாதிரி ஆகிவிட்டேன்" என்கிறார். அன்றிலிருந்து எந்தப் படத்தையும் எடிட் பண்ணுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்.

அந்த முடிவோடு போய்ப் பெரியம்மாவின் மகளுடைய சாமத்திய வீட்டுக்குப் படம் எடுத்தார். காசு வாங்கவில்லை, தங்கச்சிக்குத் தன்னுடைய பரிசாக எடுத்தார். கமராவிலிருந்து வந்தபடியே கோப்புகளைக் கொடுத்தார். "பிள்ளையைக் கரிக்கட்டையாக்கி வச்சிருக்கிறாய், இதைக் கனடாவில இருக்கிற ஆக்களுக்கு எப்படிக் காட்டுறது" என்று பெரியம்மாவிடமிருந்து வட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. பிறகு பெரியம்மா தெரிந்த ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து, பிள்ளையின் முகத்தை வெளுக்கவும் கன்னத்தை மெலியவும் வைத்து, படம் எடுத்தவர் என்று இவருடைய பெயரையும் போட்டுப் பேஸ்புக்கில் பதிவிட்டார். இரண்டு கிழமைக்குள் ஓர் அழகு நிலையம் அதே படத்தை எடுத்துத் தன் விளம்பரத்தில் போட்டுவிட்டது.

அவர் கேட்பவை இவை: பரிசை மீட்க வழக்குப் போடலாமா? எடிட் பண்ணாத படம்தானே நேர்மையான படம், அதற்கேன் இந்தத் திட்டு? பெரியம்மா போட்டிருக்கும் படத்தை நீக்க வைக்க முடியுமா? எங்கும் பதிவு செய்யாத படத்துக்கு அழகு நிலையத்திடம் உரிமை கேட்க முடியுமா?

தம்பி, நீங்கள் இணைத்த படங்களையும் போட்டி விதிகளையும் பெரியம்மாவின் குரல் செய்தியையும் பார்த்தேன், கேட்டேன். நான் சட்டத்தரணி, உங்களைப் போல ஓய்வு நேரத்தில் கமரா தூக்குகிறவளும்கூட. எடிட்டிங் குற்றமா, இல்லையா என்று இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யப் பார்க்கிறீர்கள். அதில்தான் சிக்கிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு படத்தில் கைவைத்தாரா என்பதைவிட, அந்தப் படத்தைக் காட்டி யாரிடம் என்ன சொன்னார் என்பதையே சட்டம் பார்க்கும். போட்டியில் நீங்கள் ஒன்று சொன்னீர்கள். தங்கச்சியின் அல்பம் வேறொன்று சொல்கிறது. அழகு நிலையத்தின் விளம்பரம் சொல்வது முற்றிலும் வேறு. உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்றவை அதில்தான் தங்கியிருக்கின்றன.

கைபடாத படம் என்று ஒன்று இல்லை

நீங்கள் கைவைக்கவில்லை என்பது உண்மை. கமரா கைவைத்திருக்கிறது. கமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சரில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரேயொரு நிறத்தைத்தான் அளக்கிறது: அனேகமான கமராக்களில் பாதிப் புள்ளிகள் பச்சையை, கால்வாசி சிவப்பை, கால்வாசி நீலத்தை. ஒவ்வொரு புள்ளிக்கும் மிச்ச இரண்டு நிறங்களைப் பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கமரா கணக்குப் போட்டு நிரப்புகிறது. ஆக, முடிந்த படத்தின் நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு ஊகித்துப் பெற்றது. அதற்குமேல் எது வெள்ளை, எவ்வளவு கூர்மை, எந்த இருளைத் துடைப்பது என்று இன்னும் பல முடிவுகள். சென்சர் அளந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பில் ஒரு புள்ளிக்கு 4,096 அல்லது 16,384 ஒளிப்படிகள் இருக்கும். அதை நாம் வழமையாகப் பார்க்கும், பகிரும் ஜேபெக் படமாக மாற்றும்போது ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் மிஞ்சும். எதை வைப்பது, எதை எறிவது என்பதை உங்கள் கமராவைச் செய்த பொறியியலாளர்கள் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார்கள். கைத்தொலைபேசிகள் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கிவிடுகின்றன. முகத்தை மழமழப்பாக்கும் வசதி சொல்லாமலே இயங்குகிற ஃபோன்களும் இருக்கின்றன.

இதைப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல் தங்கச்சியின் படத்துக்கே வருகிறேன், ஏனென்றால் காரணம் அதில் கண்முன்னே தெரிகிறது. மேடையில் பிள்ளைக்குப் பின்னால் பெரிய வெள்ளைத் திரை, திரைக்குப் பின்னால் விளக்கு வரிசை. கமராவின் ஒளிமானி தன் முன் இருக்கும் காட்சி சராசரியில் நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு அளக்கிறது. காட்சியில் பாதிக்குமேல் வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்துக் குறைத்துவிடும். உங்கள் படத்தில் திரை வெள்ளையாக இல்லை, அழுக்குச் சாம்பலாக இருக்கிறது. அந்தத் திரை எவ்வளவு இருண்டதோ, அதன் முன்னால் இருக்கும் முகமும் அவ்வளவு இருண்டிருக்கிறது. இடது கன்னத்தில் மேடை விளக்கின் ஊதா வேறு படிந்திருக்கிறது.

அந்தப் பிள்ளை நேரில் இருக்கிற நிறம் இதுவல்ல, தம்பி. நீங்கள் இயற்கை என்று கொடுத்த படம் அவளை இருப்பதைவிடக் கறுப்பாகக் காட்டியிருக்கிறது. பெரியம்மா பாவித்த சொல் மிக மோசமானது, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் இந்தப் படத்தில் என் பிள்ளை என் பிள்ளை மாதிரி இல்லை என்று ஒரு தாயின் கண் கண்டது பிழையில்லை.

நம்மைப் போன்ற தோல் நிறம் உள்ளவர்களுக்கு இது புதிய கதையும் இல்லை. படச்சுருள் காலத்தில், கழுவும் கூடங்கள் தோல் நிறத்தைச் சரிபார்க்க என்று கொடாக் அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த முகம் நன்றாக வந்தால் இயந்திரம் சரி என்று பொருள். கறுத்த முகங்களில் கண்ணும் மூக்கும் இருளுக்குள் போனதை அந்தக் கணக்கு பார்க்கவே இல்லை. 2021இல் பிக்சல் 6 ஃபோனை வெளியிட்ட கூகுள், கறுத்த தோலைச் சரியாகப் பதிய வைக்கும் வேலையை ஒரு தனி வசதியாகவே அறிவிக்க வேண்டியிருந்தது. கமராவிலிருந்து வந்தபடி கொடுப்பதே நேர்மை என்று சொல்லும்போது, யாருடைய முகத்தை அளவாக வைத்துச் செய்த கமரா என்பதையும் கேட்க வேண்டும்.

உங்கள் கமரா ரோ, ஜேபெக் இரண்டையும் சேமித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லதாகப் போயிற்று. ரோ கோப்பைத் திறந்து, திரை மீண்டும் வெள்ளையாகத் தெரியும்வரை எக்ஸ்போஷரைக் கூட்டுங்கள். நிறச் சமநிலைக்கு, பக்கத்தில் நிற்கும் தாய்மாமனின் வேட்டியைத் தொட்டு அதை வெள்ளையென்று மென்பொருளுக்குக் காட்டுங்கள். ஆனால் ஊதா விழாத பகுதியைத் தொட வேண்டும். கன்னத்தில் படிந்த ஊதாவை அந்த இடத்தில் மட்டும் தனியாகக் குறையுங்கள். பிறகு தங்கச்சியைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம், கணினிக்குப் பக்கத்தில் இருக்கச் சொல்லி இரண்டு முகத்தையும் மாறிமாறிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு புள்ளி கூட்டினாலும் அது வெளுப்பாக்கல். அடுத்த முறை வெள்ளைத் திரை கண்டால் எடுக்கும்போதே ஒன்று, ஒன்றரை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்டி எடுங்கள். ஒளியையும் நிறத்தையும் சரியாக அளக்க உதவும் ஒரு சாம்பல் அட்டை வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பிள்ளையிடம் யாராவது கேட்டீர்களா?

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தது இதற்காகத்தான். பெரியம்மா சொன்னது இருக்கிறது. கனடாவில் உள்ளவர்கள் என்ன சொல்வார்கள் என்பது இருக்கிறது. உங்கள் மனவேதனை இருக்கிறது. அந்தப் 13 வயதுப் பிள்ளை என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை.

அவள் நிலையை நினைத்துப் பாருங்கள். தன்னைக் கொண்டாடத்தான் இத்தனை பேர் கூடினார்கள் என்று எண்ணிய நாள் அது. அந்த நாளின் படங்கள் வந்ததும் தாய் கரிக்கட்டை என்கிறார். பிறகு வேறு யாரோ போல ஒரு வெள்ளை முகமும் ஒடுங்கிய கன்னமும் கொண்ட படம் வருகிறது. சொந்தங்கள் எல்லாம் அதற்கு இதயம் போடுகிறார்கள். அவளுடைய சொந்த முகத்துக்கு யாரும் இதயம் போடவில்லை. இது ஒரு பிள்ளையின் மனதில் என்ன செய்யும் என்பதை நான் உளவியல் மொழியில் சொல்லத் தேவையில்லை. உடலை மாற்றிய விளம்பரப் படங்கள் இளையோரைப் பாதிக்கின்றன என்று கருதித்தான் பிரான்ஸ் 2017இல், மொடல்களின் உடலை மெலிய வைத்தோ பருக்க வைத்தோ வெளியிடும் வணிகப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று விதித்தது. நோர்வேயில் 2022 ஜூலை முதல், உடலின் அளவையோ வடிவையோ தோலையோ மாற்றிய விளம்பரங்களுக்கு அடையாளம் இட வேண்டும். குடும்ப அல்பத்துக்கு இந்தச் சட்டங்கள் வராது. ஆனால் அவை அஞ்சிய கேடு, உங்கள் வீட்டில் ஒரு விளம்பரமும் இல்லாமலே நடந்திருக்கிறது.

ஆகவே அவளோடு இருந்து படங்களைப் பாருங்கள். எதை வைப்பது, எதை விடுவது என்று அவள் சொல்லட்டும். நெற்றியில் அன்று வந்திருந்த முகப்பருவை எடுத்துவிடச் சொன்னால் தாராளமாக எடுத்துவிடுங்கள்; அது ஒரு கிழமையில் தானாகப் போயிருக்கும். நல்ல படக்காரர்கள் பலர் கைக்கொள்ளும் வழக்கம் அது: தற்காலிகமாக வந்ததை நீக்கலாம், மச்சம், தழும்பு, மூக்கின் வடிவம் போன்ற நிலையானவற்றில் கைவைக்கக் கூடாது. முகத்தை வெளுக்கச் சொல்லி அவளே கேட்டால்? கேட்கக்கூடும், கேட்ட வார்த்தைகள் அப்படி. அப்போது வாதாடாதீர்கள். வெளிச்சம் சரிசெய்த படத்தை முதலில் காட்டுங்கள். இருட்டுப் படத்தையும் வெள்ளைப் படத்தையும் மட்டுமே அவள் இதுவரை பார்த்திருக்கிறாள். தன் நிறத்திலேயே நன்றாக எடுக்கப்பட்ட ஒரு படத்தை அவளுக்கு இன்னும் யாரும் காட்டவில்லை.

பரிசு விஷயம்

இதில் உங்களுக்கு விருப்பமில்லாத பதில்தான் தர முடியும். நீங்கள் அனுப்பிய விதிப் பத்திரத்தில் ஆறாவது விதி தெளிவாக இருக்கிறது: வெளிச்சம், நிறம் ஆகியவற்றைச் சரிசெய்யலாம், ஓரத்தை வெட்டலாம், படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. படிவத்தில் சம்மதம் என்று அடையாளமிட்டு அனுப்பியிருக்கிறீர்கள். வாசிக்கவில்லை, சின்ன எழுத்து என்பதெல்லாம் ஒப்பந்தத்தை இல்லாமல் ஆக்காது. வழக்குப் போட்டால் தோற்பீர்கள், செலவு வேறு. போட வேண்டாம்.

"கம்பியை அழிப்பது தூசி தட்டுவது மாதிரித்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். சென்சரில் விழுந்த தூசி காட்சியில் இருந்ததில்லை, அதை நீக்க உலகப் பத்திரிகைப் படப் போட்டியே இடம் கொடுக்கிறது. கம்பி காட்சியில் இருந்தது. அதே போட்டியில் 2010இல் நடந்ததைச் சொல்கிறேன். உக்ரேனியப் படக்காரர் ஒருவர் தன் படத்தைப் பெருமளவு வெட்டிச் சுருக்கி, கறுப்பு வெள்ளையாக்கி, ஓரங்களை இருளாக்கி அனுப்பினார். பரிசும் கிடைத்தது. மூலக் கோப்பைப் பார்த்தபோது, பின்னணியில் தெரிந்த ஒருவருடைய காலின் சிறு துண்டை அவர் நீக்கியிருந்தது தெரியவந்தது. பரிசு போயிற்று. அவ்வளவு வெட்டலும் நிறமாற்றமும் அவர்களுக்குப் பிரச்சினையாகவில்லை, அந்தக் கால் துண்டுதான் பிரச்சினை. நீங்கள் சறுக்கியதும் அதே இடத்தில்தான்.

எதையும் மாற்றாத படமும் பரிசை இழக்கலாம். 2009ஆம் ஆண்டின் வனவிலங்குப் படப் போட்டி ஒன்றில், வேலியைத் தாண்டிப் பாயும் ஓநாய் ஒன்றின் படம் முதற்பரிசு பெற்றது. அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவுசெய்து அடுத்த ஜனவரியில் பரிசைத் திருப்பி எடுத்தார்கள். படக்காரர் மறுத்தார். அங்கே ஒருவரும் எடிட்டிங்கைக் குறை சொல்லவில்லை. காட்டில் திரியும் ஓநாய் என்ற பேச்சு உண்மையா என்பதுதான் கேள்வி.

மறுபக்கம், நம் கொழும்பிலேயே லயனல் வென்ட் என்ற புகைப்படக் கலைஞர் இருந்தார். வழக்கறிஞராகப் படித்தவர், பியானோ கலைஞர், 1944இல் தமது 44ஆவது வயதில் இறந்தார். இருட்டறையில் ஒளியைப் பாய்ச்சி உருவங்களின் விளிம்புகளைத் தலைகீழாக்கினார், ஒரு படத்துக்குள் இன்னொன்றைப் பொருத்தினார். அவற்றை இதுதான் நடந்தது என்று சொல்லிக் காட்டவில்லை, கலைப்படைப்பாகக் காட்டினார். அவரை மோசடிக்காரர் என்று சொல்ல யாருக்கும் தோன்றாது. கொழும்பு 7இல் அவர் பெயரில் உள்ள அரங்குக்கு ஒரு நாள் போய்விட்டு வாருங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவில்லை, மூலப்படத்தில் நான் கண்டேன். தேரின் இடப்பக்கம், நீளத் தடியால் அந்த மின்கம்பியைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர் நிற்கிறார். தேர் தட்டாமல் போக வேண்டும் என்று அண்ணாந்து பார்த்திருக்கிறார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. கம்பி போனதும் அவர் தடியோடு வெறுமனே நிற்பது பொருந்தவில்லை என்பதாலோ என்னவோ, அவரையும் அழித்துவிட்டீர்கள். என் அபிப்பிராயத்தில் உங்கள் படத்தின் உயிரே அவர்தான். கொழும்பில் தேர் எப்படி வீதியால் போகிறது என்பதை அந்த ஒரு ஆள் சொல்கிறார். அடுத்த போட்டிக்கு மூலப்படத்தை, வெளிச்சம் மட்டும் சரிசெய்து, கம்பியோடும் அவரோடும் அனுப்புங்கள். கம்பியில்லாத படமும் உங்களுக்குப் பிடித்திருந்தால் கலைப்பிரிவில் வையுங்கள், கம்பிகள் நீக்கப்பட்டவை என்று கீழே ஒரு வரி எழுதி.

அறிவித்தலையும் வாசித்தேன். ஆறாவது விதியை மீறியதால் என்று மட்டும்தான் இருக்கிறது. மோசடி, ஏமாற்று என்ற சொற்கள் இல்லை, ஆகவே மானநட்டம் கேட்கவும் இடமில்லை. கள்ளன் என்பது நீங்களே உங்களுக்குக் கொடுத்த பெயர். ஒரு விதியை மீறினீர்கள், அதன் விளைவைப் பெற்றுவிட்டீர்கள், கணக்கு முடிந்தது.

உங்கள் பெயர், அவளுடைய முகம்

பதிவு செய்யாத படத்துக்கு உரிமை இல்லை என்று நினைத்திருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, புகைப்படத்துக்கான பதிப்புரிமை அதை எடுத்த அந்தக் கணத்திலேயே பிறந்துவிடுகிறது. பதிவு தேவையில்லை. உங்கள் ஆயுட்காலமும் அதற்குப் பிறகு 70 ஆண்டுகளும் அது நிலைக்கும். நீங்கள் யாருடைய சம்பளத்துக்கும் எடுக்கவில்லை என்பதால் உரிமையாளர் யார் என்பதில் குழப்பமில்லை. பேஸ்புக்கில் போட்டுவிட்டால் எவரும் எடுக்கலாம் என்பதும் தவறு. அந்த நிறுவனத்துக்குத்தான் நீங்கள் ஓர் அனுமதி கொடுக்கிறீர்கள், தெருவில் இருக்கும் அழகு நிலையத்துக்கு இல்லை. நீங்களே எடிட் பண்ணினாலும் உங்கள் உரிமை குறையாது. ஸ்டூடியோக்காரர் வெளுத்ததால் படம் அவருடையதாகவும் ஆகாது.

பணம் சார்ந்த உரிமையைத் தவிர, சட்டத்தின் பத்தாம் பிரிவு ஆக்கியவருக்கு அறநெறி உரிமைகளையும் தருகிறது. உங்கள் பெயர் போடப்பட வேண்டும் என்று கேட்கலாம். உங்கள் கண்ணியத்துக்கோ நற்பெயருக்கோ கேடு வரும்படி படத்தைத் திரித்தால் ஆட்சேபிக்கலாம். நிபந்தனையைக் கவனியுங்கள்: எல்லா மாற்றத்தையும் தடுக்க இது இடம் தராது, நற்பெயருக்குக் கேடு என்று காட்ட வேண்டும். ஒரு குடும்பப் படத்தில் முகத்தை வெளுத்ததால் படக்காரருக்கு என்ன கேடு என்று எதிர்த்தரப்பு கேட்கும். எடிட்டிங்குக்காக ஒரு முறை பகிரங்கமாகப் பெயர் கெட்ட ஒருவருக்கு அதில் கேடு உண்டு என்று நான் வாதிடுவேன். வெல்வேன் என்று வாக்குத் தரமாட்டேன்.

எப்படியானாலும் பெரியம்மாவுக்குச் சட்டத்தரணியின் கடிதம் போகக் கூடாது. போனால் அடுத்த நல்லது கெட்டதுக்கு நீங்கள் அந்த வீட்டுப் படியேற முடியாது, இடையில் தங்கச்சிதான் அகப்படுவாள். வெளிச்சம் சரிசெய்த படங்களை ஒரு சின்ன அல்பமாக அச்சிட்டு நேரில் கொண்டுபோங்கள். "பெரியம்மா, நீங்கள் சொன்னது சரி, அன்றைக்கு வெளிச்சத்தை நான் கவனிக்கேல்ல. இப்ப பாருங்கோ" என்று தொடங்குங்கள். அது உண்மைதானே. பார்த்து முடிந்ததும், பேஸ்புக்கில் உள்ளதை எடுத்துவிட்டு இதைப் போடச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால், உங்கள் பெயரையாவது எடுத்துவிடச் சொல்லுங்கள். கரிக்கட்டை என்ற சொல்லைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது, உங்கள் அம்மாவையும் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள். அக்காவிடம் தங்கை சொன்னால் காதில் ஏறும்.

அழகு நிலையம்

இங்கே தயவு தேவையில்லை. ஒரு சிறு பிள்ளையின் முகத்தை, அதுவும் வெளுத்த முகத்தை, எங்கள் கைவண்ணம் என்ற தோரணையில் வியாபாரத்துக்குப் போட்டிருக்கிறார்கள். உங்கள் பதிப்புரிமையை மீறியது ஒன்று. மற்றது, படத்தின் உரிமை உங்களுடையதாக இருந்தாலும் முகம் அவளுடையது. அவள் சார்பில் முறையிட வேண்டியவர்கள் பெற்றோர். நம் பொதுச் சட்டமான உரோம டச்சுச் சட்டத்தில், ஒருவருடைய கண்ணியத்தைப் புண்படுத்தினால் நட்டஈடு கேட்கும் வழி உண்டு. இதை நினைத்துத்தான் பெரியம்மாவோடு முதலில் சமாதானமாகுங்கள் என்கிறேன். இந்த விஷயத்தில் அவரும் நீங்களும் ஒரே பக்கம்.

அவர்களுக்கு எழுதுவதற்கு முன்னரே ஆதாரத்தைச் சேருங்கள். விளம்பரத்தைத் திகதி, பக்க முகவரி தெரியத் திரைப்பிடிப்பு எடுங்கள்; எழுதியபின் அவர்கள் சத்தமில்லாமல் அழித்துவிடக்கூடும். உங்கள் ரோ கோப்பை, எடுத்த நேரமும் கமரா விவரமும் உள்ளே பதிந்தபடி, இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். படம் உங்களுடையது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை, ஆகவே எந்தப் படத்தை எடிட் பண்ணினாலும் மூலக் கோப்பை ஒருநாளும் அழிக்காதீர்கள். பிறகு பேஸ்புக்கின் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்புங்கள். அதோடு ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்: விளம்பரத்தை உடனே நீக்க வேண்டும், அச்சிட்டிருந்தால் நிறுத்த வேண்டும், எங்கெங்கே பாவித்தார்கள் என்று 14 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். நீங்களும் பிள்ளையின் தாயோ தந்தையோ ஒருவரும் கையொப்பமிட்டால் போதும்.

பெரும்பாலும் இத்துடன் நீக்கிவிடுவார்கள். நீக்காவிட்டால், கொழும்பு 10இல் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்திடம் விண்ணப்பித்து விசாரணை கேட்கும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. தடையுத்தரவும் நட்டஈடும் வேண்டும் என்றால் புதுக்கடை நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும். அது காலமும் காசும் தின்னும், விளம்பரம் தொடர்ந்தால் மட்டும் அதை யோசியுங்கள். அப்படி வருவதானால் திரைப்பிடிப்புகள், ரோ கோப்பு, பதிவுத் தபால் பற்றுச்சீட்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஆகியவற்றோடு, பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.